ஒரு நம்பர், இரண்டு வள்ளம்

சர்ர்... சர்ர்... என்று ஒரு சத்தம், மேடம். அதிலிருந்துதான் தொடங்க வேண்டும். மனு என்றால் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று வரிசையாக வரவேண்டும், எனக்குத் தெரியும். இந்த ஊரில் எல்லோருக்கும் மனு எழுதிக் கொடுப்பதே நான்தான். ஆனால் இன்றைக்கு அந்த வரிசை கைக்கு வரவில்லை. ஒன்றை மட்டும் முதலிலேயே எழுதிவிடுகிறேன். மீதியைப் படிக்க உங்களுக்கு நேரமில்லாமல் போனாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள்: இன்று சிலுவைக்குடிக் கரையில் நீங்கள் பார்த்துவிட்டுப் போன நீல வள்ளம் என் வீட்டுக்காரருடையது இல்லை. அவருடையது கடலில் இருக்கிறது. திங்கட்கிழமை மதியம் போனவர் இன்று வியாழன் இரவு வரை திரும்பவில்லை. தேட ஆள் அனுப்புங்கள்.

இனி அந்தச் சத்தம்.

ஈஸ்டர் முடிந்து இரண்டாவது வாரம். விளக்கு வைத்துவிட்டுப் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். கடல் பக்கமிருந்து சர்ர்... சர்ர்... நாய்தான் தகரத்தைப் பிறாண்டுகிறது என்று முதலில் நினைத்தேன். ஆனால் நாய்க்கு இத்தனை பொறுமை ஏது? நிற்கவே இல்லை. பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு டார்ச்சை எடுத்துக்கொண்டு போனால், எங்கள் வள்ளத்தின் முன்மூக்கில் இரண்டு பேர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர் ரெமிஜியுஸ். இன்னொருவர் அவருடைய அண்ணன் கஸ்பார் அத்தான். கையில் உப்புத்தாள். வள்ளத்தில் இருந்த பழைய நம்பரைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"லைட்ட அணை புள்ள" என்றார் இவர்.

"என்ன செய்யிறீங்க?"

"கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கோம்" என்றார் அத்தான். "வந்ததுதான் வந்தா, நாளைக்கு நீயே நம்பரையும் எழுதிக் குடுத்துரு. கான்வென்ட்டுல படிச்ச கை. கோணாம வரும்."

விஷயம் இதுதான், மேடம். போன வருஷம் இவர் அந்த வள்ளத்தை வேறு ஜில்லாவிலிருந்து வாங்கினார். வாங்கின மூன்றாம் மாதம் விற்றவர் இறந்துவிட்டார். எனக்கு ஆட்சேபணை இல்லை என்று ஒரு தாளில் அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. அவருடைய பிள்ளைகள் மூவரும் ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒருவர் போட்டால் மற்றவர் போட மாட்டார். அந்தத் தாள் இல்லாமல் இங்கே பதிவு கிடையாது. பதிவு இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது. இவர் மூன்று முறை உங்கள் மீன்வளத்துறை ஆபீசுக்கு வந்து போனார். அப்போது நீங்கள் இல்லை, உங்களுக்கு முன்பு இருந்தவர். "தாள் கொண்டு வாய்யா" என்பதைத் தவிர அவருக்கு வேறு பேச்சு தெரியாது.

அத்தானுடைய வள்ளத்துக்குப் பதிவு இருந்தது. கடைசி நான்கு எண் 3108. அதுவும் நீலம், இதுவும் நீலம், நீளமும் ஒன்றுதான். அதனால் இரண்டுக்கும் ஒரே நம்பர் என்று அண்ணனும் தம்பியும் முடிவு செய்தார்கள். இதை ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே நாளில் கடலில் கிடக்காது. ஒரு வாரம் அத்தான் போவார், இவர் வள்ளம் தார்ப்பாய்க்குள் கிடக்கும். அடுத்த வாரம் இவர் போவார், அத்தானுடையது கரையில் கிடக்கும். முறை வைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். ஒரு நம்பருக்கு எந்த நாளும் கடலில் ஒரு வள்ளம்தான். கணக்கில் என்ன தப்பு?

மறுநாள் காலையில் நான்தான் எழுதினேன். ஸ்கேல் வைத்து, பென்சிலில் கோடு போட்டு, வெள்ளை எனாமலில். பிள்ளை இடுப்பில் இருந்தது. இவர் பெயின்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எங்க டீச்சரம்மா எழுத்தப் பாருங்கடே, அச்சுல அடிச்சாப்புல இருக்கு" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். பார்த்தவர்கள் தங்களுக்கும் கேட்டார்கள். மே மாதத்துக்குள் ஒன்பது வள்ளத்துக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். யாராவது வந்து கேட்டால் மாட்டேன் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. நான் பொய் எதையும் எழுதவில்லை, மேடம். அவரவர் சொன்ன நம்பரை எழுதினேன்.

மே கடைசியில் நீங்கள் புதிதாக வந்து வள்ளங்களைச் சரிபார்த்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? 3108 முன்னால் நின்று, "நம்பர்னா இப்படி எழுதணும். தூரத்துல இருந்தே படிக்க முடியுது" என்று சொன்னீர்கள். நான் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். அன்றைக்கு முழுவதும் எனக்கு அதே நினைப்பு.

இந்தத் திங்கட்கிழமை இவருடைய முறை. மேற்கேயிருந்து வீசும் கச்சான் காற்று பலமாக இருந்தது. எஞ்சின் இரண்டு நாளாகவே இருமிக்கொண்டிருந்தது. "நாளைக்குப் போங்களேன்" என்றேன். "என் வாரத்துல ஒரு நாளு போச்சுன்னா போனதுதான புள்ள, அண்ணன் வாரத்துலயா போய்க் கேக்க முடியும்" என்றார். சொந்த நம்பர் இருந்திருந்தால் ஒரு நாள் பொறுத்துப் போயிருப்பார். ராத்திரி வலை போட்டுவிட்டுச் செவ்வாய் விடியலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. செவ்வாய் சாயங்காலம் வரை எல்லோரும் "வந்துருவான்" என்றார்கள். ஊரைக் குறை சொல்ல மாட்டேன். புதன்கிழமை ஐந்து வள்ளம் தேடிப் போயின. அத்தானும் இன்னொருவர் வள்ளத்தில் ஏறிப் போனார். சாயங்காலம் வெறுங்கையோடு திரும்பினார்கள். கச்சான் கிழக்கே இழுத்துக்கொண்டு போயிருக்கும், அவ்வளவு தூரம் நம் வள்ளங்களால் போக முடியாது, பெரிய கப்பல் வேண்டும், இல்லையென்றால் விமானம் வேண்டும் என்றார்கள்.

நான் உடனே மனு எழுதினேன். கடலோரக் காவல்படைக்கு, உங்கள் அலுவலகம் வழியாக. அலுவலகத்தின் இரவு போன் நம்பரைக்கூட அத்தானுடைய பதிவுப் புத்தகத்தின் பின்பக்கத்திலிருந்து பார்த்து எழுதினேன். எழுதி முடித்து அக்கா கையில் கொடுத்தேன்.

அக்காவைப் பற்றிச் சொல்லவில்லையே. பிரகாசி அக்கா. என் சொந்த அக்கா, கஸ்பார் அத்தானின் மனைவி. அக்காவும் தங்கையும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டோம். அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது. அக்கா எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டுக் கருவாட்டுக் கூடையைத் தலையில் தூக்கினாள். என்னைக் கான்வென்ட்டில் சேர்த்தது அவள்தான். "நீ எழுதப் படி, நான் கூவப் படிக்கேன்" என்பாள். அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தால் அது போக வேண்டிய இடத்துக்குப் போய்விடும் என்று பிறந்ததிலிருந்து எனக்கு நம்பிக்கை.

இன்று காலை வந்தாள். என் போனை வாங்கிக்கொண்டாள். "வாரவன் போறவனெல்லாம் கூப்பிட்டுத் துக்கம் விசாரிப்பான். நான் பேசிக்கிடுதேன், நீ பிள்ளையப் பாரு" என்றாள். பிறகு சொன்னாள்: "மனுவ ஒங்கத்தான் விடியக்காலமே கொண்டு குடுத்துட்டு வந்துட்டாவ. பெரிய ஆபீசர் கையிலயே. கப்பல் கெளம்பிட்டாம்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் காலைக் கட்டிக்கொண்டேன், மேடம்.

"இன்னும் கேளுட்டி. கீழ ஆபீஸ்லேர்ந்து ஒரு பொம்பளை வருதாம். அது நம்பர் பாக்க வருது, தேட வரல்ல. அதுகிட்ட வாயத் தொறந்துராத. ரெண்டு வள்ளம்னு தெரிஞ்சா அது மேல எழுதிப் போடும். கள்ள நம்பருக்கா கப்பல் அனுப்புனோம்னு போன கப்பலத் திருப்பிக் கூப்பிட்டுருவாவ. புரியுதா?"

புரிந்தது என்றேன். எனக்கு அது சரியாகவே பட்டது. ஆபீஸ் என்றால் அப்படித்தானே இருக்கும்?

பதினொரு மணிக்கு நீங்கள் வந்தீர்கள். யாரோ போன் செய்து, 3108 வரவில்லை, ரெமிஜியுஸ் என்பவருடைய வள்ளம் என்று சொல்லியிருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து ஊர்க்காரர் யாராவது கடலில் இவரைப் பார்த்திருக்கலாம். அவருக்குப் புண்ணியம். நீங்கள் புத்தகத்தை விரித்துப் பார்த்தீர்கள், வள்ளத்தைப் பார்த்தீர்கள். 3108 கரையில் நிற்கிறது. புத்தகத்தில் கஸ்பார் பெயர். கஸ்பாரும் பக்கத்தில் நிற்கிறார்.

"பின்ன யாருய்யா காணோம்னு சொன்னது?" என்று கேட்டீர்கள்.

"வேண்டாதவன் எவனாவது இருப்பான் மேடம். வள்ளம் இந்தா நிக்கி. ஆளும் இந்தா நிக்கேன். கிள்ளிப் பாக்கியளா?" என்றார் அத்தான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒன்பது வள்ளக்காரர்களும் அங்கேதான் நின்றார்கள்.

நீங்கள் சிரிக்கவில்லை. "ரெமிஜியுஸ் வீட்டுக்காரம்மா யாரு?" என்றீர்கள்.

அக்கா என் முழங்கையைப் பிடித்திருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்: "இவதான். எந்தங்கச்சி. அவரு கொல்லத்துக்கு வேலைக்குப் போயிருக்காரு மேடம், ஒரு மாசமாச்சு."

"நீ சொல்லும்மா" என்றீர்கள். என் முகத்தையே பார்த்தீர்கள். நீங்கள் கொஞ்ச நேரம் காத்திருந்ததுகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது.

நான் தலையை ஆட்டினேன்.

நீங்கள் ஒரு தாளில் எழுதி நீட்டினீர்கள். வள்ளம் கரையில் உள்ளது, கணவர் வெளியூரில் உள்ளார், யாரும் காணாமல் போகவில்லை. படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன். கப்பல் போய்க்கொண்டிருக்கிறது, அதைத் திரும்பி வரவைத்துவிடக் கூடாது, அதற்காகத்தான் போடுகிறேன் என்று நினைத்தபடியே போட்டேன். மரிய ஜெனோவா. முழுப் பெயரும் போட்டேன்.

மாலை வரை காத்திருந்தேன். கப்பல் எதுவரை போயிருக்கிறது என்று கேட்டால் தப்பில்லையே என்று தோன்றியது. என் போன் அக்காவிடம். தெருமுனைக் கடையில் போனை வாங்கி, மனுவில் எழுதின அந்த இரவு நம்பருக்குப் போட்டேன். எழுதினது எனக்கு மறக்காது. ஒரு ஆண் குரல். பெயர் கேட்டார், ஊர் கேட்டார், நம்பர் கேட்டார்.

"3108ஆ? அது கரையில இருக்குன்னு இன்னிக்கு மத்தியானம் ரிப்போர்ட் வந்திருக்கேம்மா."

"இல்லைங்க, அதைத் தேடித்தான் கப்பல் போயிருக்கு."

"எந்தக் கப்பலும் போகலம்மா. மனுவே வரல்லயே."

"காலையில பெரிய ஆபீசர்கிட்ட..."

"ஏம்மா, மரிய ஜெனோவான்னா நீங்கதான? யாரும் காணாமப் போகலன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க. குடிச்சிட்டு யாராவது பேசச் சொன்னாங்களா?"

வைத்துவிட்டார்.

அங்கிருந்து அக்கா வீட்டுக்கு எப்படி நடந்தேன் என்று தெரியவில்லை. அக்கா அடுக்களையில் மீன் அலசிக்கொண்டிருந்தாள். அத்தான் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அக்கா, கப்பல் போகலையாம்."

அவள் நிமிரவில்லை.

"மனு எங்கக்கா?"

"அடுப்புல போட்டுட்டேன்."

இப்படித்தான் சொன்னாள். உலையில் அரிசி போட்டுவிட்டேன் என்பதுபோல. கொஞ்சம் தயங்கிச் சொல்லியிருந்தால்கூட நான் அவளை மன்னித்திருப்பேன், மேடம். இப்போதும் மன்னித்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். அக்கா அப்படிப்பட்டவள் இல்லை.

"ஒம்போது வள்ளம் ஜெனோ, ஒண்ணுக்கும் சொந்த நம்பர் கெடையாது" என்றாள். "ஒம்போது வீட்டு அடுப்பு. ஒன்னோட ஒத்தத் தாளு எல்லாத்தையும் அணைச்சிரும். ரெமி வருவான். எஞ்சின் நின்னிருக்கும், தார்ப்பாயைக் கட்டி ஓட்டிட்டு வருவான். அவுக அப்பா நாலாம் நாளு வரலயா?"

"வரலைன்னா?"

அவள் அடுத்த மீனை எடுத்து அலசினாள். அத்தான்தான் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினார். "தம்பி வந்து, அண்ணே இனி எந்த வள்ளத்துல கடலுக்குப் போகன்னு கேப்பான். ரெண்டு வள்ளத்துக்கும் சீல் வச்சுட்டாவடான்னா சொல்லுவேன்?"

"தம்பி இல்லாம வள்ளம் எதுக்கு அத்தான்?"

அத்தானை எதிர்த்து நான் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அவர் திரும்பவில்லை. அவருடைய தோள் குலுங்கியது. ஆனாலும் எழுந்து வரவில்லை. எழுந்து வந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே உங்களிடம் வந்திருக்கலாம்.

அக்கா கையைக் கழுவிக்கொண்டு என்னருகில் வந்தாள். மெதுவாகத்தான் பேசினாள். "கேளுட்டி. ஒம்போது வள்ளத்துலயும் எழுத்து யாரு எழுத்து? இன்னிக்குத் தாளுல கையெழுத்து யாரு கையெழுத்து? போலீஸ் வந்தா மொதல்ல ஒன்னயத்தான் கூப்பிடுவாவ. கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு ஜெயில்ல கெடப்பியா? நாங்க யாரும் எழுதத் தெரிஞ்சவங்க இல்ல."

இதைப் பயமுறுத்துவதற்காக அவள் சொல்லவில்லை, அக்கறையில்தான் சொல்லியிருப்பாள். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுத்து இப்படிக் கோணியிருக்கிறது, மன்னியுங்கள். என்மேல் என்ன நடவடிக்கை எடுக்க வேண்டுமோ எடுங்கள். தேடின பிறகு எடுங்கள்.

தேடுகிறவர்களுக்கு வேண்டியதை எழுதிவிடுகிறேன். நீலநிற பைபர் வள்ளம், உள்பக்கம் வெள்ளை. நம்பர் 3108, இரண்டு பக்கமும். அவுட்போர்டு எஞ்சின் ஒன்று. திங்கள் மதியம் இரண்டு மணிக்கு நேர் கிழக்கே போனது. தண்ணீர் ஒரு கேன், சோறு ஒரு வேளைக்கு. ஆள்: ரெமிஜியுஸ், வயது முப்பத்தொன்று, சிவப்பு பனியன்.

ஆள் இரண்டு, மேடம்.

கடவுளே. இதுவரைக்கும் நான் எழுதவே இல்லை. முத்திருளன் என்று ஒருவரும் கூடப் போயிருக்கிறார். கடற்கரை ஊர்க்காரர் இல்லை, உள்நாட்டுக்காரர், நாற்பது வயதிருக்கும், பங்குனியிலிருந்து இவரோடு தொழிலுக்குப் போகிறார். நேற்று எழுதிய மனுவிலும் அவர் பெயரை எழுதினேனா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகம் வரவில்லை. எழுதியிருக்க மாட்டேன். அவருக்கும் ஊரில் மனைவி இருக்கிறாள். அவளுக்கு இன்னும் தெரியாது. அவளிடமும் யாரும் எதுவும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. தயவு செய்து முத்திருளன் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதல் பஸ் ஐந்தேகாலுக்கு. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நானே வந்து உங்கள் கையில் கொடுத்துவிடலாம் என்று

அக்கா வந்திருக்கிறாள். கதவைச் சாத்தி, அம்மிக்கல்லை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். தட்டுகிறாள்.

"ஜெனோ, கஞ்சி கொண்டாந்திருக்கேன். திற."

நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"லைட் எரியுது. எழுதுதியா?"

வெளியே அவள் மட்டும் இல்லை. மணலில் இன்னும் சில கால்கள் நடக்கிற சத்தம் கேட்கிறது. யாரோ இருமினார்.

"எழுதுனா எழுதிக்க. யாரு வேண்டாம்னது? எழுதி எங்கிட்ட குடு. காலையில நானே கொண்டு குடுக்கேன், ஒன் தலை மேல சத்தியமா."

எனக்கே வெட்கமாக இருக்கிறது, மேடம். அவள் அப்படிச் சொன்னதும் இந்தத் தாளை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கதவு வரை போய்விட்டேன். அவள் கேட்டு நான் எதையும் கொடுக்காமல் இருந்ததே இல்லை. அப்போது கதவு தள்ளப்பட்டது. அம்மிக்கல் ஒரு சாண் நகர்ந்தது. இடுக்கில் அவள் விரல்கள் தெரிந்தன. கஞ்சிப் பாத்திரம் எதுவும் கையில் இல்லை.

நான் தோளைக் கொடுத்துக் கதவை அழுத்தினேன். விரல்கள் விலகின. மேலே தாழ்ப்பாளில் கை வைத்தேன். அது துருப்பிடித்துக் கிறீச்சிட்டது. வெளியே கேட்டிருக்கும்.

"ஏட்டி, தாழ் போடாத!" அக்கா கத்தினாள். அந்தக் குரலை அம்மா இறந்த அன்றைக்குத்தான் கேட்டிருக்கிறேன். "கடல்ல ஆள் கெடக்கயில தாழ் போடக் கூடாதுட்டி! அவன் வார வழி அடைஞ்சிரும்!"

கடலில் ஆள் கிடக்கிறான். இன்றைக்குக் காலையிலிருந்து எனக்கு வேண்டியிருந்த சொல் அது. உங்கள் முன்னால் அவள் சொல்லாத சொல். கொல்லத்தில் வேலை செய்கிறவனுக்கு எந்தக் கதவில் தாழ் போட்டால் என்ன?

அவள் சொல்வது உண்மைதான். எங்கள் ஊரில் யாரும் போட மாட்டார்கள். மூன்று ராத்திரியாக நானும் போடவில்லை.

இப்போது போட்டுவிட்டேன்.